கோட்டை காத்திருக்கும், கடல் காத்திருக்காது

நார்தம்பர்லாண்ட் கடற்கரைக்குக் கிளம்பும் தங்கச்சிகள் எல்லோரும் முதலில் கேட்பது, "அக்கா, எந்தக் கோட்டையை முதலில் பார்க்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. பாம்பரோ கோட்டை இந்த மாதம் போனாலும் இருக்கும், அடுத்த வருஷம் போனாலும் இருக்கும். பஃபின் பறவைகள் ஜூலை முடிவதற்குள் கடலுக்குக் கிளம்பிவிடும். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகிற சாலையைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மூடிவிடும். அதனால் பறவைகளைப் பார்த்து வாரத்தை முடிவு செய். கடலைப் பார்த்து நேரத்தை முடிவு செய். மிச்சமிருக்கும் பொழுதில் கோட்டைகளை வை. இந்த வரிசையில் போனால் மூன்றே நாளில் மனசு நிறையும். வரிசை மாறினால் ஒரு வாரம் தங்கினாலும் ஏதாவது ஒன்று கைநழுவிப் போகும்.

இது இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரம். நியூகாசிலுக்கு வடக்கே தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை வரை போகிறது. தங்குவதற்கு நான் சொல்வது சீஹவுசஸ். சின்னத் துறைமுக ஊர்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. வடக்கே ஐந்து கிலோமீட்டரில் பாம்பரோ கோட்டை, தெற்கே டன்ஸ்டன்பரோ, எதிரே கடலில் ஃபார்ன் தீவுகள். லிண்டிஸ்ஃபார்ன் தீவும் அன்னிக் ஊரும் காரில் எட்டும் தூரம். கோடையில் இங்கே அறை கிடைப்பது கஷ்டம் என்பதால் படகு டிக்கெட்டையும் அறையையும் ஒரே நாளில் பதிவு செய்துவிடு. சீஹவுசஸில் இடம் இல்லையென்றால் அன்னிக்கில் தேடு. அது கொஞ்சம் பெரிய ஊர், கடைகளும் அதிகம்.

எந்த வாரம் போவது?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லோரும் ஆகஸ்டில்தான் லீவு போடுகிறார்கள். இங்கிலாந்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்குகிறது. பஃபின்கள் ஃபார்ன் தீவுகளை விட்டுக் கிளம்புவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். "பஃபின் பார்க்கலாம்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஆகஸ்டில் கூட்டிப்போனால் அது வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும். மே கடைசியில் ஒரு வாரம் அரைப்பருவ விடுமுறை வருமே, அதைப் பிடித்துக்கொள். பஃபின்கள் இருக்கும், ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருக்கும், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகவில்லையென்றால் ஜூன் மாதம் இன்னும் நல்லது. கூட்டமும் குறைவு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஆகஸ்டை விட்டால் வழியில்லை என்றால் மனசு தளராதே. அந்த மாதத்தை லிண்டிஸ்ஃபார்னுக்கும் கோட்டைகளுக்கும் ஒதுக்கிவிடு. சீல்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். குட்டி போட்ட சீல்களைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. வெள்ளை ரோமத்தோடு குட்டிகள் தீவுப் பாறைகளில் கிடக்கும். அந்த மாதங்களில் பகல் மிகச் சின்னது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

ஃபார்ன் தீவுகள்

சீஹவுசஸ் துறைமுகத்தில் படகு நிறுவனங்களின் டிக்கெட் அறைகள் வரிசையாக இருக்கும். டிக்கெட் வாங்கும்போது, "தீவில் இறங்குகிற பயணமா, சுற்றிக் காட்டுகிற பயணமா?" என்று கேட்டு வாங்கு. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இறங்குகிற பயணத்தில் படகுக் கட்டணம் தனி, தீவைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுக்கும் இறங்கு கட்டணம் தனி. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினராக இருந்தால் இறங்கு கட்டணம் கிடையாது, ஆனால் படகுக்குக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இன்னர் ஃபார்ன் தீவில் கால் வைத்ததும் தலைக்குத் தொப்பி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆர்க்டிக் ஆலாக்கள் நடைபாதையின் ஓரத்திலேயே முட்டையிட்டிருக்கும். நாம் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் மேலிருந்து பாய்ந்து தலையில் கொத்தும். கொத்தினால் ரத்தம் வரும். கெட்டியான துணித் தொப்பி போதும், கைக்குழந்தைக்கும் ஒன்று வாங்கி வை. கையை வீசி அதை விரட்டாதே, நின்று சண்டையும் போடாதே. மெதுவாக நடந்து தாண்டிவிடு. ஒவ்வொரு வருஷமும் அன்டார்க்டிக் பக்கத்திலிருந்து பறந்து வந்து குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்பப் போகிற பறவை அது. நாம் அதன் வீட்டு வாசலில் நிற்கிறோம்.

பலகைப் பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்காதே. பஃபின்கள் மண்ணுக்குள் வளை தோண்டித்தான் குடித்தனம் நடத்துகின்றன. ஒரு ஜோடிக்கு ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. மேலே புல்தரை கெட்டியாகத்தான் தெரியும், கால் வைத்தால் வளை இடிந்துவிடும். 2022-ல் இந்தத் தீவுகளில் பறவைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்துப் போயின. இன்னர் ஃபார்னில் மறுபடி ஆட்களை இறங்கவிட்டது 2024-ல்தான். அதனால், தீவைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர்கள் எதையாவது செய்யச் சொன்னால் மறுபேச்சில்லாமல் செய். செத்த பறவையைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்.

வட கடல் முரட்டுக் கடல். வாந்தி வருகிறவர்கள் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். காற்று அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் படகைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதே. முதல் நாளில் வைத்தால், ரத்தானாலும் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் இருக்கும்.

படகு ஏறுவதற்கு முன்னால் பாம்பரோவில் இருக்கும் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடு. அனுமதி இலவசம். 1838 செப்டம்பர் 7-ம் தேதி புயலில் ஃபோர்ஃபர்ஷர் என்ற நீராவிக் கப்பல் இந்தத் தீவுப் பாறையில் மோதி உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் குடியிருந்த கிரேஸ் என்ற 22 வயதுப் பெண், அப்பாவோடு சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே சிக்கியிருந்தவர்களைக் காப்பாற்றினாள். அந்தப் பாறையிலிருந்து ஒன்பது பேர் பிழைத்தார்கள். நாலு வருஷத்தில் காசநோயில் போய்விட்டாள். இதைத் தெரிந்துகொண்டு படகில் போனால் அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிற பார்வையே வேறு.

லிண்டிஸ்ஃபார்ன் தீவும் அதன் சாலையும்

இதைப் பொறுமையாகப் படி. உயிர் சம்பந்தப்பட்டது.

ஹோலி ஐலண்ட் என்றும் சொல்லும் இந்தத் தீவுக்கு ஒரே சாலைதான். கடல் வற்றியிருக்கும்போது அது சாலை, ஏறியிருக்கும்போது அது கடலடி. பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லாண்ட் கவுண்டி கவுன்சில் வெளியிடுகிறது. சாலையின் இரண்டு முனையிலும் அட்டவணை ஒட்டியிருக்கும். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். தோழி போன வாரம் போய் வந்த நேரம் உனக்கு உதவாது. நேற்றைய நேரமும் உதவாது. நீ போகிற தேதிக்கு உரிய அட்டவணையைப் போனில் படமெடுத்து வை. சில இடங்களில் சிக்னல் சுத்தமாக இருக்காது, அதனால் ஒரு காகிதத்திலும் எழுதிக் கணவரிடம் கொடு.

தண்ணீர் தள்ளித்தானே இருக்கிறது என்று கண்ணால் அளக்காதே. இங்கே கடல் நேராக முன்னால் வருவதில்லை. பக்கவாட்டுக் கால்வாய்களில் ஏறிச் சாலையின் தாழ்ந்த இடத்தை முதலில் மூடும். முன்னால் ஒரு கார் போகிறது என்பதும் கணக்கில்லை, அந்தக் காருக்கும் தெரியாமல் இருக்கலாம். சாலையின் நடுவே உயரமான கால்களின் மேல் ஒரு மரக் கூண்டு நிற்பதைப் பார்ப்பாய். காரைத் தண்ணீரில் விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடி ஏறுகிறவர்களுக்காகக் கட்டியது. வருஷா வருஷம் ஆட்களை மீட்கிறார்கள். பாதுகாப்பு நேரம் முடிவதற்கு அரை மணி இருக்கும்போதே கரையேறிவிட வேண்டும் என்று கணக்கு வை.

கடல் ஏற்றம் பகல் நடுவில் வருகிற ஒரு நாளைத் தேடிப் போ. சாலை மூடுவதற்கு முன் தீவுக்குப் போய்விடு, கடல் சூழ்ந்திருக்கும் நேரம் முழுக்க அங்கேயே இரு, திறந்ததும் வா. அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் போனபிறகு தீவு அமைதியாகிவிடும். அப்பா அம்மாவோடு போனால் இதுதான் வசதி, யாரையும் விரட்ட வேண்டாம். சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போ. சாலை மூடியிருக்கும் நேரத்தில் சில ஓட்டல்களும் மூடியிருக்கும்.

காரில்லாதவர்களுக்கு பெரிக் ஊரிலிருந்து கடல் நேரத்துக்கு ஏற்ப ஓடும் பஸ் உண்டு. எல்லா நாளும் கிடையாது. மணலில் கம்பங்கள் நட்ட பழைய யாத்திரைப் பாதை ஒன்றும் இருக்கிறது, வெறுங்காலோடு நடந்து போவார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பிள்ளைகளோடு அதில் இறங்காதே.

தீவில் மடமா கோட்டையா என்று கேட்டால், வயதானவர்களுக்கு மடம், ஏறி இறங்கத் துடிக்கும் பிள்ளைகளுக்குக் கோட்டை. மடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 635-ல் எய்டன் என்ற துறவி இங்கே மடத்தைத் தொடங்கினார். 793-ல் வைக்கிங்குகள் வந்து சூறையாடினார்கள். இப்போது நிற்கும் சிவந்த கல் இடிபாடுகள் அதற்கும் பிற்பாடு கட்டிய மடத்தினுடையவை. அந்த மடத்தின் கற்களைப் பெயர்த்து 16-ம் நூற்றாண்டில் கட்டியதுதான் கோட்டை. ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், கடைசி ஏற்றம் கல் பதித்த செங்குத்துப் பாதை. செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்.

உள்ளே போனால் இதைப் போர்க் கோட்டை என்று நம்ப முடியாது. 1901-ல் எட்வர்ட் ஹட்சன் என்ற பத்திரிகை அதிபர் இதை வாங்கி, எட்வின் லட்யன்ஸைக் கொண்டு விடுமுறை வீடாக மாற்றினார். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டினாரே, அதே லட்யன்ஸ். அங்கே அத்தனை பிரமாண்டமாகக் கட்டியவர், இங்கே சின்னச் சின்ன அறையும் வளைவும் ஜன்னல் திண்ணையுமாகச் செய்திருக்கிறார். கோட்டைக்கு எதிரே வயலுக்கு நடுவில் சுவர் சூழ்ந்த ஒரு குட்டித் தோட்டம் தெரியும். கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற தோட்டக்கலைஞர் அமைத்தது. கோடையில் பூத்துக் கிடக்கும், விட்டுவிடாதே.

இந்தத் தீவின் மடத்தில் எழுதிய லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டை இங்கே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. மூல ஏடு லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

தீவைச் சுற்றியுள்ள சேற்றுவெளியும் மணல்மேடும் தேசிய இயற்கைக் காப்பகம். இலையுதிர் காலத்திலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளின் பிரென்ட் வாத்துகள் வந்து குளிர்காலம் முழுக்க இங்கே மேயும். சேற்றில் இறங்கிக் கிட்டே போக வேண்டாம். அவை ஒவ்வொரு தடவை எழும்பிப் பறக்கும்போதும், சாப்பிட்டுச் சேர்த்த தெம்பு வீணாகிறது. கரையில் நின்று பைனாகுலரில் பார். காற்று அடங்கிய நாளில் மணல்திட்டில் படுத்திருக்கும் சீல்கள் ஊளையிடுவதும் கேட்கும்.

டன்ஸ்டன்பரோ: நடந்தால்தான் கோட்டை

என்னிடம் கேட்டால் இந்தக் கடற்கரையில் மிக அழகான கோட்டை இதுதான். கார் போகாது. கிராஸ்டர் என்ற மீனவக் கிராமத்தில் நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆடுகள் மேயும் புல்வெளி என்று இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கழிப்பறை வேலையைக் கிராஸ்டரிலேயே முடித்துக்கொள். குழந்தை வண்டி புல்லில் குலுங்கும், குழந்தையை முதுகுப் பையிலோ இடுப்பிலோ தூக்கிக்கொள்வது நல்லது.

லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313-ல் இதைக் கட்டத் தொடங்கினார். ராஜா இரண்டாம் எட்வர்ட் அவருக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் இருவருக்கும் தீராத பகை. ராஜாவுக்கு நெருக்கமான கேவ்ஸ்டனை முந்தைய வருஷம் கொன்றவர்களில் இவர் முக்கியமானவர். ராஜாவுக்குத் தன் பலத்தைக் காட்டவும் ஆபத்து வந்தால் ஒதுங்கவும் இத்தனை பெரிய வாசல்கோபுரத்தை எழுப்பினார். 1322-ல் போரில் தோற்று, பிடிபட்டு, தலையை இழந்தார். அந்த இரட்டைக் கோபுரம் இடிந்து நின்றாலும் தூரத்திலிருந்தே மிரட்டும். வடக்கு ஓரத்தில் லில்பர்ன் கோபுரத்துக்குக் கீழே செங்குத்துப் பாறை. கோடையின் தொடக்கத்தில் அங்கே கிட்டிவேக் கடற்காகங்கள் கூடு கட்டியிருக்கும். பிள்ளைகளின் கையை அங்கே விடாதே, விளிம்பில் தடுப்பு இருக்கும் என்று நம்பாதே.

நடக்கத் தெம்பு இருந்தால் வடக்கே எம்பிள்டன் கடற்கரை வழியாக லோ நியூட்டன் வரை போகலாம். அதற்கும் அப்பால் லாங் நேனி ஓடை கடலில் சேரும் இடத்தில் ஆலாக்கள் மணலிலேயே முட்டையிடும். அந்த மாதங்களில் ரேஞ்சர்கள் கூடாரம் போட்டு ராத்திரி பகலாகக் காவல் காக்கிறார்கள். கயிறு கட்டிய இடத்தைச் சுற்றிப் போ. அவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசு, எந்தக் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கிராஸ்டருக்குத் திரும்பியதும் கிப்பர் வாங்கு. ஹெர்ரிங் மீனைப் பிளந்து ஓக் மரத்தூள் புகையில் போட்டு எடுப்பது. நம் கருவாட்டுக்கு ஏங்குகிறவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல். அறைக்கு எடுத்துப் போவதானால் நாலு கவரில் சுற்று.

பாம்பரோவும் அன்னிக்கும்

பாம்பரோவை உள்ளே பார்ப்பதைவிட வெளியே கடற்கரையில் நின்று பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கருத்த எரிமலைப் பாறைமேல் அது உட்கார்ந்திருக்கும் கம்பீரம் மணலில் நின்றால்தான் தெரியும், அதற்குக் காசும் கிடையாது. 1464-ல் பீரங்கிக்குப் பணிந்தது, இங்கிலாந்திலேயே அப்படி வீழ்ந்த முதல் கோட்டை என்பார்கள். இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி ஆர்ம்ஸ்ட்ராங் பிரபு 1894-ல் வாங்கிப் புதுப்பித்தது. உள்ளே போனால் ராஜ மண்டபத்தின் தேக்குக் கூரையை நிமிர்ந்து பார். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் சீஹவுசஸிலிருந்து மணலிலேயே நடந்து இங்கே வந்துவிடலாம்.

அன்னிக் கோட்டையில் பெர்சி குடும்பம் 700 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, இன்றும் அவர்கள் வீடுதான். ஹாரி பாட்டர் படத்தில் துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி இங்கேதான் எடுத்தது. பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பக்கத்திலுள்ள அன்னிக் தோட்டத்துக்கு டிக்கெட் வேறு. மழை பிடித்துக்கொண்டால் பழைய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்துவிடு.

டிக்கெட், துணி, சாப்பாடு

உறுப்பினர் அட்டை வாங்குவதற்கு முன் எந்த இடம் யாருடையது என்று பார். லிண்டிஸ்ஃபார்ன் கோட்டையும் ஃபார்ன் தீவுகளும் நேஷனல் டிரஸ்ட். லிண்டிஸ்ஃபார்ன் மடமும், தெற்கே இருக்கும் வார்க்வர்த் கோட்டையும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு. டன்ஸ்டன்பரோவுக்கு இரண்டில் எந்த அட்டையும் செல்லும். பாம்பரோவும் அன்னிக்கும் தனியார், இரண்டு அட்டையும் அங்கே பயன்படாது. இதைத் தெரியாமல்தான் பலர் வாசலில் நின்று முழிக்கிறார்கள்.

ஜூன் என்றாலும் காற்று குளிரும். ஒரே தடித்த கோட்டைவிட மேலுக்கு மேல் இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு நல்லது, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். குடையை வீட்டிலேயே வை, முதல் காற்றில் மடங்கிவிடும். அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், உள்ளே தெர்மல், காலில் சாக்ஸ் ஷூ. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து மூடுபனி வந்து கவியும், அரை மணியில் கோட்டையே மறைந்துவிடும். அதையும் எதிர்பார்த்து வை.

கையோடு எடுத்துப்போகப் புளியோதரை, சப்பாத்தி ரோல், பிளாஸ்கில் காபி. சீஹவுசஸில் சிப்ஸ் வாங்கினால் சுவரோரமாக நின்று சாப்பிடு, கடற்காகம் கையிலிருந்தே பிடுங்கிப் போகும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சிப்ஸ் வாங்குவதற்கு முன், "எதில் பொரிக்கிறீர்கள்?" என்று அவசியம் கேட்க வேண்டும். வட இங்கிலாந்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். எண்ணெயில் பொரிக்கும் கடையும் உண்டு, கேட்டால் காட்டுவார்கள்.

நாலாவது நாள் கையில் இருந்தால் தெற்கே வார்க்வர்த். காக்கெட் ஆறு வளைத்துக்கொண்டு போகும் மேட்டில் கோட்டை. ஆற்றின் அக்கரையில் பாறையைக் குடைந்த ஒரு துறவியின் குகைக்கோயில், படகில்தான் போக முடியும், அதுவும் சில நாட்கள் மட்டும். பக்கத்து ஊரான ஆம்பிளிலிருந்து காக்கெட் தீவைச் சுற்றிவரப் படகு கிடைக்கும். பிரிட்டனில் மிக அரிதான ரோசியேட் ஆலா குஞ்சு பொரிக்கும் தீவு என்பதால் யாரையும் இறங்கவிட மாட்டார்கள்.

காரில்லையென்றால் நியூகாசிலிலிருந்து எக்ஸ்18 பஸ் இந்தக் கடற்கரை ஓரமாகவே அன்னிக், கிராஸ்டர், சீஹவுசஸ், பாம்பரோ என்று போகிறது. அடிக்கடி வராது. ஒவ்வொரு ஊரில் இறங்கும்போதும் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு இறங்கு.